சம்பளமா, பில்லா?

காரைக்குடி

அன்பு நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பி, அதுதான் உன் மகன், சிங்கப்பூர் கம்பெனி வேலையை தேவகோட்டை வீட்டிலிருந்தே பார்க்கப்போகிறான் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அந்த வளவில் மறுபடி ஆள் நடமாட்டம், ஆத்தாவுக்கும் பேரன் துணை.

பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, இங்கே எதற்கு வரி என்று யாரோ சொன்னதை நம்பாதே. நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால், எங்கிருந்து வரும் வருமானத்துக்கும் இங்கே கணக்குக் காட்டவேண்டும். கொழும்பில் குடும்பத்தோடு இருந்து தொழில் நடத்திய சுப்பையா செட்டியாரின் கூட்டுக் குடும்பத்தையே, இந்தியாவில் வசிப்பதாகத்தான் கொள்ளவேண்டும் என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தம்பியோ வேலை பார்ப்பதே தேவகோட்டையில்.

எனக்கு வரியைவிட, அவனை என்ன பேரில் எடுக்கிறார்கள் என்பதுதான் கவலை. நீ அனுப்பிய ஒப்பந்தத்தில் ‘கான்ட்ராக்டர்’ என்று, அதாவது சம்பள ஊழியனாக இல்லாமல் பில் போட்டுப் பணம் வாங்குகிறவன் என்று போட்டிருக்கிறது. சிங்கப்பூர் நேரம் ஒன்பது மணிக்கு, அதாவது நமக்குக் காலை ஆறரைக்கு உட்காரவேண்டும், லீவுக்கு அனுமதி வாங்கவேண்டும், வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஊழியருக்கு உள்ள கட்டுப்பாடு எல்லாம் உண்டு, உரிமை மட்டும் கிடையாது. என் மூத்தவளும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு இப்படித்தான் வேலை பார்த்தாள். பிரசவம் நெருங்கும் நேரத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். இங்குள்ள கம்பெனியில் ஊழியராக இருந்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அவள் அழுதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் ஐயா காலத்தில் பர்மாவுக்கு ஏஜெண்டாகப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு என்ற ஒப்பந்தம் எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். தம்பியும் கேட்டு வாங்கட்டும். கம்பெனிக்கு இங்கே கிளை இல்லாவிட்டாலும், இங்குள்ள வேறு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கும் ஏற்பாடு உண்டு. ‘எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு’ என்றால் அவர்களுக்குப் புரியும். பிஎஃப் என்ற வைப்பு நிதி, டிடிஎஸ் என்று சம்பளத்திலேயே பிடிக்கும் வரி, அதற்கு ஃபார்ம் 16 என்று சொல்லிவந்த சான்று எல்லாம் முறையாக வரும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனாலும் கையில் காகிதம் இருக்கும்.

ஒத்துவரவில்லையா, கான்ட்ராக்டராகவே சேரட்டும், ஆனால் தொகையைக் கூட்டிக் கேட்கட்டும். பிஎஃப்பில் முதலாளி போடும் 12 சதவீதம், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், லீவு நாள் சம்பளம் அத்தனையும் இனி அவன் கைக்காசு. வரியும் யாரும் பிடித்துக்கொண்டு தரமாட்டார்கள், மாசாமாசம் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொல். 44ஏடிஏ என்று சொல்லிவந்த அனுமான வருமான முறைக்குள் அவன் தொழில் வருமா என்று ஆடிட்டரிடம் விசாரிக்கவேண்டும். வந்தால் வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டு, நிதியாண்டு முடியுமுன் கட்டவேண்டிய முன்வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் உண்டு.

கையெழுத்துப் போடுமுன் தம்பியை ஒருநடை இங்கே அனுப்பு. ஆடிட்டர் வீட்டுக்கு நானும் கூடப் போகிறேன். ஆத்தாவுக்கு என் வணக்கம் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்