மீன்கடை அண்ணாவுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும்

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ளவர்களே,

2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உயிரையும் வீட்டையும் பறிகொடுத்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும்போது புத்தகங்களைப் பற்றி எழுத மனம் கூசுகிறது. ஆனாலும் இந்த நன்றியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதியோர் கல்வி ஆசிரியர்களான எங்கள் வாசிப்பு வட்டத்தின் சொத்து ஓர் அலமாரிதான். படித்த பக்கத்தின் ஓரத்தில், அன்று வகுப்பில் நடந்ததைப் பென்சிலால் குறித்து வைப்போம். அடுத்து எடுப்பவர் கீழே பதில் எழுதுவார். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் நூலை நிறவெறி அரசு தடை செய்திருந்த காலத்தில், எங்கள் மூத்த ஆசிரியை ஒளித்து வைத்துப் படித்த நகல் தாள்களும் அங்கேதான் இருந்தன.

வெள்ளத்தில் அந்த அலமாரியும் நனைந்துவிட்டது. நனைந்த புத்தகத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும், உடனே உறைய வைத்தால் தப்பும் என்றார் ஒரு நூலகர். கரன்ட் இல்லாத ஊரில் எங்கே போவது?

மீன்கடை அண்ணாவிடம் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது புனித வெள்ளி வாரம், மீன் வியாபாரம் களைகட்டும் நேரம். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மீன் பெட்டிகளை இறக்கி, ஃப்ரீசரில் பாதியைக் காலி செய்தார். "ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்மா" என்று, மீன் கட்டும் மெழுகுத்தாளில் ஒவ்வொரு புத்தகத்தையும் தன் கையாலேயே சுற்றினார். அட்டை கழன்றவற்றை நூலால் கட்டினார்.

நகல் தாள்கள் கைக்கு வந்ததும், "இதுக்கு ஏன் தடை போட்டாங்க?" என்று கேட்டார். எழுத்துக் கற்பவர் தன் நிலைமையையும் கேள்வி கேட்கக் கற்பார் என்று அதில் இருக்கிறது, அதனால்தான் என்றேன். சற்று நேரம் தாளை அவர் கீழே வைக்கவில்லை. "எங்கப்பாவை ஒரு வார்த்தை கேக்காமத்தான் மேகசின் பேரக்ஸிலேர்ந்து இங்க கொண்டாந்து போட்டாங்க" என்றார். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. நிறவெறிக் காலத்தில் அவர்களை அங்கிருந்து அகற்றி சாட்ஸ்வர்த்தில் குடியேற்றினார்கள்.

சேறு அள்ளிய ஜூலு சகோதரர்கள், தண்ணீர் லாரி வரிசையில் எங்களுக்கும் வாளி போட்டு வைத்த மாணவர்கள், சோறும் பருப்பும் அனுப்பிய கோயில் கமிட்டி, கரன்ட் வந்ததும் மின்விசிறி கொண்டுவந்து பக்கம் பக்கமாக உலர்த்திய அக்காமார்கள், எல்லோருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. வழவழப்புத் தாள் புத்தகங்கள் கட்டியாக ஒட்டிப் போய்விட்டன. பேனாவில் எழுதியதும் கரைந்துவிட்டது. பென்சில் குறிப்புகள் அத்தனையும் பிழைத்திருக்கின்றன.

அண்ணா, நீங்கள் கடையைச் சாத்திவிட்டு வருவதற்குத் தோதாக வட்டம் கூடும் நேரத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். முதலில் அந்த நகலைத்தான் உரக்க வாசிக்கப் போகிறோம். அவசியம் வாருங்கள். அப்பாவைப் பற்றி அன்று பாதியில் விட்டதையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

வாசிப்பு வட்டத்தின் சார்பில்,
ஒரு மாலை வகுப்பு ஆசிரியை