ரத்த ரிப்போர்ட் மட்டும் போதாது, செந்தில்

அன்பு செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மூன்று தடவை படித்தேன். புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்று வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கீழே, “இனி நுரையீரலைப் பற்றிக் கவலை இல்லைம்மா” என்று எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த டெஸ்ட் அப்போதே இருந்திருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா என்றும் கேட்டிருந்தாய். எனக்குள்ளும் அந்தக் கேள்வி இத்தனை வருஷமாக இருக்கிறது. அப்பாவுக்கு இருமல் ஆரம்பித்தபோது எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிந்தது. நம் ஊரில் நிழல் என்றாலே டிபிதான் முதலில் நினைவுக்கு வரும். சளியில் கிருமி இல்லை. இருந்தும் ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். அந்தச் சளியைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் நான். கிருமி இல்லையே, பிறகு எதற்கு இந்த மாத்திரை என்று அன்று நான் கேட்டிருக்க வேண்டும். கடைசியில் பயாப்சி எடுத்தபோது நோய் எலும்பு வரை போயிருந்தது.

சரி, உன் டெஸ்ட்டுக்கு வருகிறேன். செத்துப்போகும் செல்களின் டிஎன்ஏ துணுக்குகள் எல்லோர் ரத்தத்திலும் ஓடுகின்றன. 1948-இலேயே பிரான்ஸில் மண்டேல், மெட்டே என்ற இருவர் அதைக் கண்டு எழுதினார்கள். புற்றுக்கட்டியும் அப்படித் துணுக்குகளை உதிர்க்கும். அவற்றின் நீளமும், மேலே ஒட்டியிருக்கும் வேதிக் குறிகளும் கொஞ்சம் மாறியிருக்கும். அதைத்தான் இப்போது தேடுகிறார்கள். அருமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டி சின்னதாக இருக்கும்போது உதிர்வதும் கொஞ்சம்தானே? கையிலிருந்து எடுக்கும் ஒன்றிரண்டு டியூப் ரத்தத்தில் அது வந்து விழாமலே போகலாம். உன்னுடையதைப் போன்ற ஒரு டெஸ்ட்டைப் பற்றி 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், எல்லா வகைப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்தால், நோய் பரவிவிட்ட நான்காம் நிலையில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடித்தது. முதல் நிலையில் 17 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நமக்கு வேண்டியது அந்த முதல் நிலைதான், ராஜா.

நான் லேபில் இருந்தபோது சிஇஏ பார்ப்போம். அது 1965-இல் மான்ட்ரியாலில் பெருங்குடல் புற்றில் கண்டுபிடித்த புரதம். நோயே இல்லாமல் சிகரெட் பிடிப்பவருக்கும் அது ஏறும், நோய் இருந்தும் சிலருக்கு ஏறாது. நார்மல் என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தவர்கள் பிறகு நோயோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தச் சொல் எனக்கு இவ்வளவு பயம்.

ஸ்காட்லாந்தில் 12,000 பேருக்கு மேல் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கட்டியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஏழு ஆன்டிபாடிகளை ரத்தத்தில் தேடி, அவை இருந்தவர்களை, உள்ளே அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அப்படிச் செய்யாதவர்களைவிட இவர்களில், நுரையீரல் புற்று முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் குறைவு. அந்த வகையில் ரத்தம் உதவும் என்று நானும் நம்புகிறேன், முக்கியமாக ஸ்கேனுக்கே வராதவர்களை வரவழைக்க. ஆனால் அங்கேயும் ரத்தம் வழி காட்டியதே தவிர, நுரையீரலைப் பார்த்தது சிடிதான்.

இப்போது உன் கணக்கு. இருபது வயதில் ஆரம்பித்து, தினம் ஒரு பாக்கெட் வீதம் 22 வருஷம். விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது உனக்கு 51. நீ இருக்கும் அமெரிக்காவிலேயே 2021 முதல் உள்ள பரிந்துரை இது: வயது 50 முதல் 80 வரை, தினம் ஒரு பாக்கெட் கணக்கில் 20 வருஷமாவது புகைத்தவர், விட்டிருந்தாலும் 15 வருஷம் ஆகாதவர், வருஷத்துக்கு ஒரு முறை லோ டோஸ் சிடி, அதாவது குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சிடி, எடுக்க வேண்டும். மூன்றிலும் நீ வருகிறாய். பெரும்பாலான இன்ஷூரன்ஸில் கைக்காசும் போகாது. 53,000 பேரை வைத்து அங்கே நடத்திய ஆய்வில், 2011-இல், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றால் வரும் சாவு 20 சதவீதம் குறைந்திருந்தது.

ஏதாவது சின்னக் கட்டி என்று வந்தால் பதறாதே. அதே ஆய்வில் அப்படி வந்தவற்றில் நூற்றுக்கு 96 புற்றே இல்லை. சில மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் காத்திருப்பு கஷ்டம், எனக்குத் தெரியும். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று ரத்தத்தை வைத்தே சொல்ல ஒரு நாள் வழி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அப்பாவைப் பற்றிக் கேட்டாயே. ரத்தம் சொல்லியிருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நிழலை அன்றே சிடியில் பார்த்து, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்திருந்தால் ஆறு மாதம் வீணாகியிருக்காது. அது மட்டும் தெரியும்.

இந்த வாரமே டாக்டரிடம் நாள் வாங்கு. அங்கே மதியம் மூன்று மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். பரவாயில்லை, ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் கூப்பிடு. நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா