எழுத்தாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மறைந்த தமிழ் எழுத்தாளர்களின் மகன்களுக்கும் மகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வணக்கம்.

மறுபதிப்புக் காணாத பழைய புத்தகங்களைத் தேடிப்பிடித்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். உங்களில் சிலருடைய வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். சிலர் என்னை வாசலோடு அனுப்பியிருக்கிறீர்கள்.

சென்ற மாதம் ஒரு பழைய பேப்பர் கடையில், தராசுக்குப் பக்கத்தில் கிடந்த கட்டு ஒன்றைப் பிரித்தேன். அறுபதுகளில் வந்த நாவல். தைத்த கம்பி துருப்பிடித்துத் தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது. இராமபாணப் பூச்சி அட்டையில் நுழைந்து நாற்பதாம் பக்கம் வரை துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓரமெங்கும் நீல மையில் திருத்தங்கள். ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்று, அதையும் அடித்துவிட்டுப் பழைய சொல்லே மறுபடியும். முதல் பக்கத்தில் 'அடுத்த பதிப்புக்கு' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார் ஆசிரியர். அந்த அடுத்த பதிப்பு வரவே இல்லை.

அந்த ஆசிரியரின் வீட்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் போயிருந்தேன். "அப்பாவின் சொத்து, சும்மா எப்படித் தூக்கிக் கொடுப்பது?" என்றார்கள். கடையில் அந்தக் கட்டைப் பிரித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் தயக்கத்தைச் சுயநலம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பதிப்பாளர் கணக்கே காட்டாமல் இழுத்தடித்ததையும், அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். விற்கிற புத்தகத்துக்கு உரிமைத்தொகையைக் கறாராகக் கேட்டு வாங்குங்கள், ஒரு ரூபாய்கூட விடாதீர்கள். நான் கேட்பது யாரும் அச்சிடாத, நீங்களும் அச்சிடப்போவதில்லாத புத்தகங்களைப் படமெடுத்து எல்லோரும் படிக்கப் பகிரும் அனுமதியை மட்டுமே.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை இருந்தது. தாகூரின் எழுத்துகளுக்கு உரிமை முடியும் வேளையில் அது 60 ஆக நீட்டப்பட்டது. ஆகவே 1980இல் மறைந்தவரின் நாவல் 2041 ஜனவரியில்தான் பொதுவுக்கு வரும். அந்தக் காலத்து மட்டத் தாள் அதுவரை தாங்காது. இப்போதே விரல் பட்டால் அப்பளமாக நொறுங்குகிறது. வாரிசுகள் ஐந்து பேர் என்றால் ஐந்து பேரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், இருவருக்குள் பேச்சுவார்த்தையே இருக்காது.

பாரதியை நினைத்துப் பாருங்கள். தம் நூல்கள் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும்போல வீடுதோறும் விலைபோக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1921இல் அவர் மறைந்தபின் அவருடைய பாட்டு பல கைகள் மாறியது. இசைத்தட்டில் பதியும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் ஓமந்தூரார் ஆட்சி பாரதியின் உரிமைகளைப் பெற முன்வந்தபோது, தாம் காசு கொடுத்து வாங்கிய உரிமையைச் செட்டியார் விலை கேட்காமல் கொடுத்தார். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் அரசு பணம் அளித்தது. இன்று பள்ளிக்கூட மேடையில் பாரதி பாட்டைப் பாடும் குழந்தை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. லாபம் பார்க்கத் தெரிந்த ஒரு வியாபாரி அதை விட்டுக்கொடுத்தார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இப்படி அரசு உரிமையைப் பெற்று எல்லோருக்கும் பொதுவாக்கும் நாட்டுடைமைக்கு நீங்களும் விண்ணப்பிக்கலாம்; பரிவுத்தொகை உண்டு. ஆனால் அந்தக் கோப்பு நகரும்வரை புத்தகம் காத்திருக்காது. படைப்பைப் பிறர் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்று, ஆசிரியர் பெயரைச் சொல்லி, வணிகநோக்கம் இல்லாமல் யாரும் பகிரலாம் என்கிறது. அதன்படி அரைப் பக்கம் எழுதி வாரிசுகள் கையெழுத்திட்டால் போதும். உரிமை உங்களிடமே இருக்கும். நாளை ஒரு பதிப்பாளர் வந்தால் அவரிடம் தொகையும் பேசலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குக் காசு வாங்காமல் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் கொடுத்தவர்கள் ஏராளம். உங்கள் ஒரு கையெழுத்துக்குப் பின்னால் உழைக்க அப்படிப்பட்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒரு மேசை, ஜன்னல் வெளிச்சம், ஒரு பகல். புத்தகத்தின் தையலைப் பிரிக்க மாட்டேன். விளக்கு வைப்பதற்குள் எடுத்த இடத்தில் எடுத்த வரிசையிலேயே அடுக்கிவிட்டுப் போவேன். ஓரங்களில் உங்கள் அப்பாவோ அம்மாவோ எழுதியது ஏதாவது இருந்தால், அந்தப் பக்கங்களை முதலில் படமெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்