மரம் காய்ந்ததா என்று காலண்டரைக் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளர்ந்த மரத்தில் இசைக்கருவி செய்வது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரத்தைப் பார்த்து எடுப்பது, அறுப்பது எல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். உலர்த்தும் விஷயத்தை மட்டும் "ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காயவிட்டால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, கொல்லையில் காற்றுக்குச் சாய்ந்த மகோகனி மரத்தில் கிட்டார் செய்ய ஆசைப்பட்டேன். அடிமரத்தில் பாதியை அறுத்து, பலகைகளை மொட்டைமாடியில் வெயிலில் பரப்பினேன். காயத்தானே வேண்டும், வெயிலைவிட வேறென்ன வேண்டும் என்ற நினைப்பு. நாலாம் நாள் ராத்திரி மாடியில் 'டப்' என்று ஒரு சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் பலகைகளின் இரு முனைகளிலும் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மரத்துக்குள் நீர் ஓடும் குழாய்கள் நீளவாக்கில் இருப்பதால், பக்கவாட்டில் போவதைவிட முனை வழியாகப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஈரம் வெளியேறும். நடுப்பகுதி இன்னும் ஊறிக்கிடக்க, முனை மட்டும் சுருங்கினால் பிளக்காமல் என்ன செய்யும்? அறுத்த அன்றே முனைகளில் மெழுகு உருக்கிப் பூசியிருக்க வேண்டும்.

சூடு கண்டவன் அடுத்து நாலு பலகைகளை உலர்த்தும் சூளை ஒன்றில் கொடுத்தேன். சில நாட்களிலேயே வெடிப்பில்லாமல், பார்க்க அழகாகத் திரும்பி வந்தன. இழைத்துவிட்டு நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தால், பாதி தூரத்தில் வாளை மரம் கவ்விக்கொண்டது. சந்தேகப்பட்டு, பலகையின் குறுக்கே ஒரு துண்டு வெட்டி, அதில் கவைபோல் இரண்டு விரல்களை அறுத்து வைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரல்களும் ஒன்றையொன்று நோக்கி வளைந்தன. வெளித்தோல் அவசரமாகக் காய்ந்து இறுகிவிட்டது. பிறகு உள்ளே இருந்த மரம் சுருங்கப் பார்த்தபோது அது விடவில்லை. அந்த இழுபறி அப்படியே பலகைக்குள் பூட்டிக் கிடக்கிறது. சூளையின் மேல் எனக்குக் கோபமில்லை. கடைசியில் நீராவி கொடுத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் வேலையை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். கட்டில் காலுக்கு வேண்டுமானால் அந்த மரம் போதும்.

கருவிக்கு ஏன் போதாது என்றால், கிட்டாரின் பின்பலகை இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான், அகலம் நாற்பது சென்டிமீட்டர் வரை போகும். 14 சதவீத ஈரத்தில் ஒட்டிய பலகை 10 சதவீதத்துக்கு இறங்கினால், அகலத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். உள்ளே குறுக்காக ஒட்டிய சட்டங்களோ நீளவாக்கில் சுருங்கவே சுருங்காது என்று சொல்லலாம். அப்புறம் பலகை கிழியாமல் இருக்குமா? மகோகனி இந்த விஷயத்தில் சாது. பல மரங்கள் ஆண்டு வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, ஆரவாக்கில் (நடுமையத்திலிருந்து பட்டை நோக்கி) சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மகோகனியில் அந்த வித்தியாசம் குறைவு. கிட்டார் செய்கிறவர்களுக்கு அதன் மேல் பிரியம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மிச்சமிருந்த மரத்தில்தான் புத்தி வந்தது. முனைக்கு மெழுகு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், மேலே கூரை, நிழல், பலகைகளுக்கு நடுவே ஒன்றின் நேர்மேல் ஒன்றாக ஒரே கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), உச்சியில் பாரக்கல். ரீப்பர் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் பலகை அலையலையாகக் காயும். வைரம் பாயாத வெளிப்பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டேன். உளுப்பூச்சிக்கு வேண்டிய மாவுச்சத்து அங்கேதான் இருக்கிறது.

அப்புறம்தான் தராசு. ஆயுள் முழுக்கத் தபால் எடை போட்ட கை எனக்கு, அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம். முனையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டினேன். முனை மரம் முன்னாலேயே காய்ந்திருக்கும், பொய் சொல்லும். எடை 86 கிராம். ஓவனில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை காயவைத்ததில் 60 கிராம். போன நீர் 26 கிராம். அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 43 சதவீதம். (காய்ந்த எடையால் வகுப்பதால் சில பச்சை மரங்களில் இது நூறைத் தாண்டும், பயப்பட வேண்டாம்.) அதே நாளில், கிட்டாரின் கழுத்துக்கென்று எடுத்த ஓர் அங்குலப் பலகை 2,145 கிராம் இருந்தது. அதே 43 சதவீதக் கணக்கில், ஈரமே இல்லாவிட்டால் அது 1,500. எனக்கு வேண்டியது 10 சதவீதம், அதாவது 1,650. இந்த மூன்று எண்களையும் பென்சிலால் பலகையிலேயே எழுதி, வாரம் ஒரு தரம் எடை போட்டேன்.

முதல் மாதம் எடை மளமளவென்று இறங்கியது. பிறகு நத்தை வேகம். மழை மாதங்களில் ஏறக்கூடச் செய்தது! வருடம் முடிந்தபோது 1,710 கிராம், அதாவது 14 சதவீதம். அதற்குக் கீழே அசையவில்லை. வெளிக்காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் மரம் நிற்கும். இன்னும் பத்து வருடம் போட்டாலும் அதே கதைதான். ஈரம் உறிஞ்சும் கருவி வைத்த அறைக்குள், ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு வைத்த பிறகுதான் 1,650ஐத் தொட்டது. இதற்கு நேர்மாறாக, நாலு மில்லிமீட்டரில் அறுத்து அடுக்கிய பின்பலகைகள் சில வாரங்களிலேயே எடை குறைவதை நிறுத்திவிட்டன. கட்டுரைப்படி பார்த்தால் அவற்றுக்கு இரண்டு மாதம். என் கழுத்துப் பலகைக்கு ஒரு வருடம் போதவில்லை.

அடுத்த முறை இந்தப் பகுதி வரும்போது எடைக் கணக்கையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். மொட்டைமாடியில் பலகை பரப்பிவிட்டு நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்