அந்தப் பெண்களைத் தனியே பேச விடுங்கள்

சிங்கப்பூர், 1931

நீரிணைக் குடியேற்றங்களின் மேன்மை தங்கிய அதிகாரிகளுக்கு,

கீழ்த்திசையில் பெண்களும் சிறுமிகளும் விற்கப்படுவதை விசாரிக்கச் சர்வதேச சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) மூவர் குழு வருகிறது என்றதும் உங்கள் அலுவலகங்களில் கோப்புகள் தூசு தட்டப்படுகின்றன. விபசார விடுதிகளை மூடிவிட்டோம், 1930இல் புதுச் சட்டம் கொண்டுவந்தோம், போ லியுங் குக் என்ற காப்பகத்தில் மீட்கப்பட்ட பெண்கள் தையல் பழகுகிறார்கள் என்று பதில்களும் தயார். நல்லது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பெண்களிடம் குழுவினர் தனியே பேசட்டும்.

கப்பல் வந்ததும் நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தென்சீனத்திலிருந்து வந்திறங்கும் சிறுமியிடம் சீனக் குடியேறிகளைக் கவனிக்கும் அதிகாரியான சீனப் பாதுகாவலரின் ஆட்கள், "கூட வந்தவள் யார்?" என்கிறார்கள். "அத்தை." "விரும்பித்தான் வந்தாயா?" "ஆமாம்." கடல் வழி நெடுக உருவேற்றிய பதில்கள். உருவேற்றியவள் இரண்டடி தள்ளி நிற்கிறாள். உளறினால் இன்றிரவு என்ன நடக்கும் என்று சிறுமி அறிவாள். ஏட்டில் அவள் விரும்பி வந்தவளாகப் பதிவாகிறாள். அந்த ஏட்டைத்தான் குழுவின் முன் விரித்து வைக்கப்போகிறீர்கள்.

1927இல் அறிக்கை வெளிவந்த, இதே சங்கத்தின் முந்தைய விசாரணையில் விசாரணையாளர்கள் மாறுவேடத்தில் போய்த் தரகர்களிடமே பேச்சுக் கொடுத்தார்கள். கீழ்த்திசைக்கு அதெல்லாம் வேண்டாமாம். அரசாங்கங்கள் சொல்வதே போதுமாம். இந்த ஏற்பாடு யாருக்கு வசதி என்று கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடும்.

மூடிய வீடுகளிலிருந்த பெண்கள் காசிக்கா போனார்கள்? மலிவான தங்கும் விடுதிகளின் மாடிகளைப் பாருங்கள். வீட்டு வேலைக்கென்று விலைக்கு வாங்கப்படும் 'முய் சாய்' சிறுமிகளுக்கு ஹாங்காங்கிலாவது ஒரு பதிவேடு உண்டு. இங்கே அதுவும் இல்லை. 1910 முதல் அபினியைத் தானே காய்ச்சி விற்கும் அரசாங்கம் ஒவ்வொரு குழலுக்கும் கணக்கு வைத்திருக்கிறது. சிறுமிகளால் கஜானாவுக்கு வருமானமில்லை போலும்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள்க. வேண்டுகோள் பழையதுதான், தனியே பேச விடுங்கள். குழுவில் டாக்டர் அல்மா சுண்ட்குவிஸ்ட் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் இருக்கிறார். அந்த அம்மையாருக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பவர் காண்டனீய மொழி அறிந்த பெண்ணாகவும் உங்களிடம் சம்பளம் வாங்காதவராகவும் இருக்கட்டும். அன்றைக்கு உங்கள் அலுவலகத்தார் எவரும் அந்தப் பக்கம் வராதிருந்தால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
சிங்கப்பூர்த் தமிழன் ஒருவன்