ரீயூனியன் வருமுன் செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது அவரே பேப்பர் படிக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே ரீயூனியன் தீவில், சேன் பியேர் ஊரில் நாங்கள் நலம். மகள் இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். அவள் வீட்டில் பேசும் தமிழில் பாதி பிரெஞ்சு, மீதி இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதவேண்டும்.

ஆகஸ்டில் குடும்பத்தோடு வருகிறாய், எரிமலை பார்த்தே தீரவேண்டும் என்று பையன் குதிக்கிறான். தாராளமாக வா. ஆனால் நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். முதல் நாள் காலை எரிமலை, மாலை கடல், மறுநாள் கோயில் என்று ரயில்வே அட்டவணை மாதிரி போட்டிருக்கிறாய். எரிமலைக்கு மட்டும் ஒரு நாளைக் குறிக்காதே. தங்கும் நாட்களில் முன்னே பின்னே மாற்றிக்கொள்ள வசதியாக வைத்துக்கொள். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த எரிமலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்நேஸ், 2632 மீட்டர் உயரம். உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. பெரும்பாலும் ஆங்க்லோ ஃபூக்கே என்ற பெரும் பள்ளத்துக்குள்தான் எரிமலைக் குழம்பு ஓடும். மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர், கடல் பக்கம் மட்டும் திறப்பு, உள்ளே குடியிருப்பே கிடையாது. அதனால் இங்கே எரிமலை பொங்கினால் யாரும் அலறி ஓடுவதில்லை. ராத்திரி பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, போர்வையும் ஃபிளாஸ்க்குமாகப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். மலைச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "இவர்களே பயப்படவில்லையே" என்று வெளியூர்க்காரர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது மேலே அனுமதித்த இடத்தில் நின்று. பள்ளத்துக்குள் இறங்கும் கதவு அதற்கு முன்பே பூட்டியாகிவிடும்.

பூட்டுவது எப்படி என்றால், பூர் முரா என்ற ஊரில் 1979 முதல் ஓர் ஆய்வகம் இருக்கிறது. மலைக்கு அடியில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் கூடுகின்றனவா, மலை உப்புகிறதா, என்ன வாயு வருகிறது என்று இரவு பகலாகக் கவனிக்கிறார்கள். அறிகுறி தெரிந்தால் அரசாங்க அதிகாரிக்குச் சொல்வார்கள், அவர் ஆணை போடுவார். முதலில் கண்காணிப்பு நிலை, அடுத்து எச்சரிக்கை ஒன்று, பொங்க ஆரம்பித்தால் எச்சரிக்கை இரண்டு. அதிர்வுகள் திமிறத் தொடங்கி குழம்பு வெளியே வர, சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதுவும் உச்சியிலிருந்துதான் வரும் என்று நினைக்காதே. பள்ளத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் நிலம் பிளந்து வரலாம், நீ நடக்கும் பாதையிலும் வரலாம். "குழம்பு மெதுவாகத்தானே ஓடும், தள்ளி நின்றால் போச்சு" என்று நீயே போனில் சொன்னாய் இல்லையா? வெடிப்பு எங்கே திறக்கும் என்று தெரியாதபோது எதிலிருந்து தள்ளி நிற்பாய்?

எரிமலை பொங்குவது நின்ற பிறகும் கதவை உடனே திறப்பதில்லை. பாதையைப் பார்த்து, புதுப் பாறை ஓரளவு ஆறி, எல்லாம் சரி என்றால்தான் திறப்பார்கள். 2021 ஏப்ரலில் குழம்பைப் பக்கத்தில் பார்க்கப் போன இரண்டு இளம் மாணவர்கள் உள்ளேயே இறந்து கிடந்தார்கள். தடையை மீறிப் போகிறவர்களைத் தேட ஹெலிகாப்டரில் வருகிறவர்களும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளைகள்தான். "டிக்கெட்டுக்கு இவ்வளவு செலவு பண்ணி வந்தோமே" என்று பூட்டிய கதவுக்கு முன்னால் முணுமுணுக்கிற பயணிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்கு எரிச்சல் மூட்டுவது அதுதான். அவர்களும் அதே கதவின் முன்னால் நின்று திரும்பிப் போகிறவர்கள்தானே.

கதவு திறந்திருந்தால் கண்டிப்பாகப் போகலாம். பா த பெல்கோம்ப் என்ற விளிம்பு 2300 மீட்டருக்கு மேல். அங்கிருந்து நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, ஃபோர்மிகா லியோ என்ற சிவந்த சின்னக் குன்றைத் தாண்டி நடக்கவேண்டும். உச்சியில் இருக்கும் டொலோமியூ என்ற எரிமலை வாய் தெரியும் இடம் வரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரம் வைத்துக்கொள். நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. விடியற்காலையிலேயே இறங்கிவிடு, காலை பத்து, பதினொரு மணிக்கெல்லாம் மேகம் வந்து மூடும். பாறையில் வெள்ளைப் பெயிண்டால் குறி போட்டிருப்பார்கள், அதுதான் பாதை. மூடுபனி வந்துவிட்டால் அடுத்த குறி கண்ணுக்குத் தெரிகிற வரை இருக்கும் குறியை விட்டு அசையக்கூடாது. எல்லாம் ஒரே கறுப்பு, திசையே தெரியாது. பையனிடம் இதை இரண்டு தடவை சொல். உனக்கு மூன்று தடவை.

பாறையைப் பற்றியும் சொல்லவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் தார் ஊற்றிக் காய்ந்த மாதிரி வழவழப்பாகத் தெரியும். மேலே இருப்பது மெல்லிய ஓடு, சில இடத்தில் அடியில் வெற்றிடம். குறியை விட்டு விலகிக் கால் வைத்தால் பொரபொரவென்று உடைந்து முழங்கால் வரை உள்ளே போகும். உடைந்த விளிம்பு கண்ணாடி, காலை வெளியே இழுக்கும்போதுதான் சதை கிழியும். அங்கங்கே பொன்னிறத்தில் தலைமுடி போல மெல்லிய இழைகள் சிக்கிக் கிடக்கும். அதுவும் கண்ணாடிதான், காற்றில் பறந்தபடியே உறைந்த குழம்பு. பையன் அழகாக இருக்கிறதே என்று விரலால் உருட்டினால் முள்ளாகக் குத்தும், அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் இன்னும் மோசம். ஆகஸ்டு இங்கே குளிர்காலம், அந்த உயரத்தில் அதிகாலையில் உறைபனிகூடப் பிடிக்கும். கடற்கரை வெயிலை நம்பி அரைக்கால் சட்டையோடு வந்துவிடாதீர்கள். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, நல்ல அடிப்பாகம் உள்ள ஷூ, தொப்பி எல்லாமே வேண்டும்.

உச்சியில் தடுப்புக்கு அந்தப் பக்கம் போகவே கூடாது. 2007 ஏப்ரலில் வரலாறு காணாத அளவு பொங்கியபோது டொலோமியூவின் தரையே 300 மீட்டருக்கு மேல் உள்ளே அமிழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து விளிம்பு முழுக்க வெடிப்பு. நிற்பவனுக்குத் தரையாகத் தெரிவது, கீழே இருந்து பார்த்தால் அந்தரத்தில் தொங்கும் பாறை. செல்ஃபி எடுக்கிற உன் மச்சானும் வருகிறார் என்றால் அவரை உன் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

அந்த 2007 குழம்பு கிழக்குக் கரையில் தேசிய நெடுஞ்சாலையை மூடிக் கடலில் விழுந்தது. சாலையை மறுபடி போட்டுவிட்டார்கள், காரிலேயே போகலாம். வருடக்கணக்காக அந்தப் பாறையில் மழை விழுந்தால் ஆவி எழும். எரிமலை பூட்டியிருந்தால் அந்தப் பக்கம் போ. போகிற வழியில் பித்தோன் சேன்ட் ரோஸ் கிராமம். 1977-இல் அரிதாகப் பள்ளத்துக்கு வெளியே நிலம் பிளந்து, குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கியது. மாதா கோயிலைச் சுற்றி வளைத்து வாசலோடு நின்றது. இன்றும் கறுத்த பாறை சுவரை ஒட்டியே நிற்கிறது. இன்னமும் பூசை நடக்கிற கோயில் அது. உள்ளே மெழுகுவத்தி ஏற்றிக் கண்மூடி இருப்பவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதே. ஊர்ப் பெரியவர்களிடம் "உங்கள் வீடு போச்சா?" என்று வேடிக்கைக் கதை கேட்கிற மாதிரி கேட்காதே. அவர்களாகப் பேசினால் உட்கார்ந்து கேள்.

பாறை, மணல், பவளம் எதையும் பையில் போடக்கூடாது. தேசியப் பூங்காவிலும் கடல் காப்பகத்திலும் சட்டப்படியே தடை.

கடல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் விவாதத்துக்கு இடமில்லை. 2011-க்குப் பின் சுறா தாக்கி அடுத்தடுத்துப் பலர் உயிரிழந்தார்கள். 2013 முதல், பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத பகுதியிலும் காவலர் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்க அனுமதி. எர்மித்தாஜ், லா சலீன் பக்கம் போங்கள். அங்கேயும் திட்டில் இடைவெளி உள்ள இடத்தில் தண்ணீர் வெளியே இழுக்கும், பலகை வைத்திருப்பார்கள். மழை பெய்து கடல் கலங்கியிருந்தால் இறங்கவே வேண்டாம். பவளத்தின் மேல் நிற்காதீர்கள், உடைந்தது வளரப் பல வருடம் ஆகும்.

மலையில் மழை என்றால் இன்னொன்று. சாலை ஆற்றைக் குறுக்கே தரையோடு கடக்கும் இடங்கள் இங்கே நிறைய. உன் தலைமேல் வெயில் அடிக்கும், மேலே எங்கோ பெய்த மழை அரை மணியில் வந்து சேரும். தண்ணீர் சாலைமேல் ஓடினால் வண்டியைத் திருப்பிவிடு. 1966 ஜனவரியில் இந்தத் தீவின் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1825 மில்லிமீட்டர் பெய்தது. இன்றைக்கும் அதுதான் உலகச் சாதனை. ஆகஸ்டில் புயல் பயம் இல்லை. பயணம் ஜனவரிக்குத் தள்ளிப்போனால் மட்டும் சொல், சிவப்பு எச்சரிக்கை வந்தால் வீட்டைவிட்டு வெளியே காலே வைக்கக்கூடாது, அதற்கு ஏற்பாடு வேறு.

இனி மனிதர்கள். கடையோ பஸ்ஸோ மலைப்பாதையோ, "போன்ஷூர்" சொல்லாமல் எதையும் கேட்காதே. நேராக "இது எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். எதிரே நடந்து வருகிற முன்பின் தெரியாதவரும் சொல்வார், திருப்பிச் சொல். ஞாயிறு கடற்கரையில் குடும்பம் குடும்பமாகப் பெரிய பாத்திரங்களோடு சமைத்துச் சாப்பிடுவார்கள். நல்ல நிழலுக்காக யாராவது விடிகாலையிலேயே வந்து இடம் பிடித்திருப்பார்கள், ஆள் இல்லையே என்று அங்கே உன் பாயை விரித்துவிடாதே. சாலையோரம் சிவப்பு வர்ணம் அடித்த சின்ன மாடங்கள் தெரியும், சேன் எக்ஸ்பெதி என்ற புனிதருக்கு வைத்தவை. உள்ளே இருக்கும் எதையும் தொடாதே.

நம் ஆட்களைப் பற்றித்தான் உன்னிடம் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ரமாசாமி என்று பெயர் இருக்கும், தமிழ் தெரியாது. அதே குடும்பம் மாதா கோயிலுக்கும் போகும், மாரியம்மன் கோயிலுக்கும் போகும். பாட்டும் மந்திரமும் காதால் கேட்டே தலைமுறை தாண்டி வந்தவை, உச்சரிப்பு நீ கேட்டுப் பழகிய மாதிரி இருக்காது. திரௌபதிக்குத் தீமிதிப்பார்கள், ஆடு கோழி பலி உண்டு. உன்னைத் தெரியும் என்பதால் சொல்கிறேன், பூசாரியைத் திருத்தாதே. "எங்க ஊர்ல இப்படி இல்லையே" என்ற பேச்சே வேண்டாம். ஒன்றரை நூற்றாண்டு யாருடைய உதவியும் இல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், ஊரிலிருந்து வந்த ஒரே காரணத்துக்காக நாம் அதற்குத் தணிக்கையாளர் ஆகிவிட முடியாது. செருப்பை வாசலிலேயே விடு, தோல் பெல்ட்டையும் கழற்று. அன்றைக்கு அசைவம் சாப்பிட்டிருந்தால் உள்ளே போகாதே. தீமிதிக்கிறவர்கள் பல நாள் விரதத்தில் இருப்பார்கள், அவர்களைத் தொடவோ தோளில் கை போட்டுப் படம் எடுக்கவோ கூடாது. படம் எடுக்கலாமா என்று முதலில் கேள், வேண்டாம் என்றால் சிரித்துவிட்டுப் போனை உள்ளே வை. ஒழுங்காக இருந்தால் வாழை இலை போட்டுச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

அப்புறம் சில்லறை விஷயங்கள். இங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். சிலாவோஸ் என்ற மலை ஊருக்குப் போகும் சாலையில் நானூறுக்கும் மேல் வளைவு, உன் வீட்டம்மாவுக்கு வாந்தி வரும் என்றால் முன்னிருக்கையில் உட்காரச் சொல். மலையேறும்போது காரில் பையை வைத்துவிட்டுப் போகாதே. அவசர எண் 112, ஆனால் மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் இருக்காது, எங்கே போகிறாய் எப்போது திரும்புவாய் என்று கிளம்பும் முன் எனக்கு ஒரு வரி அனுப்பு. விசா விஷயத்தை இப்போதே பார். ரீயூனியன் பிரான்சின் மாவட்டம்தான், யூரோதான் செல்லும், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகிற ஷெங்கன் எல்லைக்குள் வராது. வெறும் ஷெங்கன் விசாவோடு விமானம் ஏறிவிடாதே.

தேதி முடிவானதும் எழுது. வரும்போது அம்மா கையால் போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில், சுங்கத்தில் விட்டால் கொண்டுவா. விடாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் வந்தால் போதும்.

அன்புடன்,
ரவி