நான்கு எழுத்தை வைத்து எங்கள் பிள்ளைகளைக் கழிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய எச்.ஆர். மேலாளர் அவர்களுக்கும் ஆள் எடுப்புக் குழுவினருக்கும்,

வணக்கம்.

எங்கள் கல்லூரியில் நீங்கள் நடத்திய கேம்பஸ் இன்டர்வியூவின் முடிவு குறித்து எழுதுகிறேன். எழுத்துத் தேர்விலும் கணக்குத் தேர்விலும் தேறிய மாணவர்களில் பலரை, ஆளை நான்கு ஆங்கில எழுத்தால் வகை பிரிக்கும் ஓர் ஆளுமைச் சோதனையை ஆன்லைனில் வைத்த பிறகு நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. காரணம் கேட்டதற்கு ‘ப்ரொஃபைல் ஃபிட் ஆகவில்லை’ என்று ஒற்றை வரி வந்தது. எங்கள் பிளேஸ்மென்ட் அலுவலர் மறுபடி எழுதிய மின்னஞ்சலுக்கு அந்த ஒரு வரியும் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சோதனையை வைத்து யாரையும் கழிக்காதீர்கள்.

நான் இங்கே உளவியல் நடத்துகிறவள். ஆளுமைக் கோட்பாடுகள் என்ற தாளை ஆண்டுதோறும் எடுக்கிறேன். சோதனைகளே வேண்டாம் என்று சொல்லும் கட்சி இல்லை நான். ஒழுங்காகச் செய்த சோதனை ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள உதவும் என்று நம்பித்தான் அதைக் கற்பிக்கிறேன். அப்படிப்பட்ட கருவியை எங்கள் வளாகத்திலேயே இப்படிப் பயன்படுத்தியதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கழிக்கப்பட்டவர்களில் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பி.காம். கடைசி ஆண்டு. வீட்டில் முதல் பட்டதாரி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சோதனை முடிந்ததும் திரையில் வந்த நான்கு எழுத்தை ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். ஐ, எஸ், எஃப், ஜே. “இது ஃபெயிலா மேடம்? எனக்கு ஏதாவது குறை இருக்குன்னு அர்த்தமா?” என்று கேட்டாள். ‘ஐ’ என்றால் அகமுகி, அதாவது தனிமையை விரும்புகிறவர், அது குறை இல்லை என்று விளக்கினேன். “அப்புறம் ஏன் மேடம் என்னைக் கூப்பிடலை?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும்தான் இந்த மடல்.

எந்தக் கேள்விக்கு என்ன போட்டாய் என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். விருந்துக்குப் போனால் அறிமுகம் இல்லாதவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா என்று ஒரு கேள்வி. நகரத்து ஓட்டல் கூடத்தில் கையில் கோப்பையுடன் நின்று பேசும் விருந்தை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்த விருந்து கல்யாண வீடு. அங்கே வயசுப் பெண் முன்பின் தெரியாதவர்களிடம் போய் நின்று பேசினால் வீட்டில் திட்டு விழும். அதனால் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறாள். அதே கல்யாண வீட்டில் பந்தி முழுக்கச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, இலை இலையாக விசாரித்துப் பரிமாறுகிறவளும் அவள்தான். அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு அவள் கையில்தான் இருக்கிறது. தவணை யார் கட்டினார்கள், யார் பாக்கி என்று வங்கி அதிகாரியிடம் நேரில் பேசி முடிப்பதும் அவள்தான். நீங்கள் ஆள் எடுக்க வந்தது எதற்கு? பில்லையும் வவுச்சரையும் சரிபார்க்கும் வேலைக்கு.

அந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மனிதர்களை அகமுகம், புறமுகம் (பிறரோடு கலந்து பழகும் இயல்பு) என்று பிரித்துப் பேசிய சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங், அந்தக் கருத்தை 1921-இல் வெளியிட்டார். முழுக்க அகமுகி, முழுக்கப் புறமுகி என்று ஒருவரும் கிடையாது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய கருத்தை எடுத்து மையர்ஸ்-பிரிக்ஸ் (எம்.பி.டி.ஐ.) என்ற கேள்வித்தாளாக மாற்றியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும். இரண்டு பேருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தங்களுக்குப் பொருத்தமான வேலை எது என்று மக்கள் தெரிந்துகொள்ள உதவலாம் என்ற நல்ல எண்ணத்தில் தொடங்கிய முயற்சி அது. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் வாங்கியிருப்பது அதன் நகல்களில் ஒன்று. ஆனால் மூலச் சோதனையை விற்கும் நிறுவனமே, வேலைக்கு ஆள் எடுப்பதற்கோ கழிப்பதற்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது, அது முறையல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. செய்தவர்களே கூடாது என்கிறார்கள். வாங்கியவர்கள் செய்கிறீர்கள்.

ஏன் கூடாது என்பதற்குக் காரணம் சிக்கலானது இல்லை. ஆளுமைப் பண்புகளை அளந்து பார்த்தால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் நிற்கிறார்கள். இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். இந்தச் சோதனையோ நட்டநடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் வேறு வகை என்கிறது. ஐந்தரை அடிக்குக் கீழே எல்லோரும் குள்ளம், மேலே எல்லோரும் நெட்டை என்று சொன்னால், அரை அங்குல வித்தியாசத்தில் நிற்கும் இரண்டு பேர் எதிரெதிர் ஜாதியாகிவிடுவார்கள். அதேதான் இங்கும் நடக்கிறது. அதனால்தான் சில வாரம் கழித்து அதே ஆள் அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதினால், கணிசமானவர்களுக்கு ஒரு எழுத்தாவது மாறிவிடுகிறது. அந்தப் பெண் அடுத்த மாதம் எழுதியிருந்தால் உங்களுக்குப் பிடித்த எழுத்து வந்திருக்கலாம். ஒரு குடும்பத்தின் முதல் சம்பளத்தை இதை நம்பியா முடிவு செய்வது?

உங்கள் குழுவில் வந்திருந்த இளைஞர் ஒருவர் என்னிடம் மரியாதையாகவே பேசினார். “எனக்கு வந்த ரிப்போர்ட் அப்படியே என்னைப் பார்த்து எழுதின மாதிரி இருந்துச்சு மேடம்” என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் ஆளுமை அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை, அதுவும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்தது என்று. ‘சில நேரம் கலகலப்பாகப் பழகுவீர்கள், சில நேரம் ஒதுங்கியிருப்பீர்கள்’ என்ற மாதிரி வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? ரிப்போர்ட் பொருந்துகிற மாதிரி இருப்பதும் சோதனை சரியாக அளப்பதும் வேறு வேறு.

ஆளுமையை அளக்க வேறு வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1936-இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை விவரிக்கும் சொற்களைத் தொகுத்தார்கள். 17,953 சொற்கள் தேறின. அதைக் கேட்டெல் போன்ற உளவியலாளர்கள் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஐந்து பண்புகளில் வந்து நிற்கிறார்கள்: புதியதை நாடும் மனம், பொறுப்புணர்ச்சி, புறமுகத்தன்மை, இணக்கம், உணர்ச்சித் தடுமாற்றம். இவை வகைகள் இல்லை, அளவுகள். எல்லோரிடமும் ஐந்தும் கூடவோ குறையவோ இருக்கும். 1991-இல் பாரிக், மௌண்ட் என்ற ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகை வேலையிலும் செயல்திறனோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்ச்சி மட்டும்தான். புறமுகத்தன்மை உதவியது விற்பனையிலும் மேலாண்மையிலும். பில் சரிபார்க்கும் மேசைக்குக் கலகலப்பானவரைத் தேடச் சொன்னது யார் என்று தெரியவில்லை.

அந்தப் பொறுப்புணர்ச்சியின் தொடர்பும் மிதமானதுதான், தனியாக நின்று ஒருவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு இல்லை. 1968-லேயே வால்டர் மிஷல் என்ற உளவியலாளர், ஆளுமைச் சோதனையின் மதிப்பெண்ணுக்கும் ஒருவர் குறிப்பிட்ட சூழலில் நடந்துகொள்வதற்கும் உள்ள ஒட்டுறவு (முழுதாக ஒத்துப்போனால் அது 1) பெரும்பாலும் 0.30-ஐத் தாண்டுவதில்லை என்று எழுதி, இந்தத் துறையையே ஆட்டிவைத்தார். சூழல் மாறினால் மனிதர் மாறுகிறார். ஓர் ஊரில் செய்த கேள்வித்தாள் எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்துவதும் இல்லை. பொலிவியாவில் காட்டை ஒட்டி வாழும் ட்சிமானே மக்களிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. அந்த ஐந்து பண்புகளும் அங்கே ஐந்தாகத் தெளிந்து வரவே இல்லை. அப்படியிருக்க, வேறொரு வாழ்க்கையை மனதில் வைத்து எழுதிய கேள்விகளை, ஆங்கிலத்தில், நேரம் குறித்து, எங்கள் பிள்ளைகளின் முன்னால் வைத்தீர்கள். இங்குள்ள மாணவர்களிடம் அதைச் சரிபார்த்த ஆய்வு ஏதாவது உண்டா? இருந்தால் தயவுசெய்து காட்டுங்கள். இல்லையென்றால் அந்த முடிவை வைத்து யாரையும் கழிக்காதீர்கள்.

இன்னொன்றும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். சோதனைக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல் வாட்ஸாப் குழுவில் ஒரு குறிப்பு சுற்றியது. ‘பழகுவியான்னு கேட்டா ஆமான்னு போடு. தனியா இருக்கப் பிடிக்கும்னு எங்கயும் போடாதே.’ முந்தைய ஆண்டு சீனியர்கள் கொடுத்த அறிவுரை. அதைப் படித்தவர்களில் பலர் தேறினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, வேலை வேண்டும், செய்தார்கள். ஆனால் என்னிடம் வந்த அந்தப் பெண்ணும் அந்தக் குறிப்பைப் பார்த்திருக்கிறாள். “உண்மையா எழுதுங்கன்னு மேலே போட்டிருந்துச்சே மேடம்” என்றாள். ‘சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லை, உண்மையாகப் பதில் சொல்லுங்கள்’ என்று முதல் பக்கத்தில் எழுதியவர்கள் நீங்கள். அவள் உங்களை நம்பினாள்.

இது உங்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. ஊரெல்லாம் இதே வியாபாரம். ஐந்து வயதுக் குழந்தையின் பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து, இவன் டாக்டர் ஆவான், இவளுக்குக் கணக்கு வராது என்று சொல்லிப் பெற்றோரிடம் ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடங்களே அதற்கு இடம் கொடுக்கின்றன. விரல் ரேகைக்கும் மூளைத் திறனுக்கும் அப்படி ஒரு தொடர்பை எந்த அறிவியலும் நிறுவவில்லை. ‘பர்சனாலிட்டி டெவலப்மென்ட்’ என்று கல்லூரிகளில் நடக்கும் வகுப்புகளோ டை கட்டவும் கை குலுக்கவும் ஆங்கிலத்தில் தயங்காமல் பேசவும் கற்றுக்கொடுத்து, அதுதான் ஆளுமை என்று பிள்ளைகளை நம்பவைக்கின்றன. வாய் திறந்து பேசாதவருக்கு ஆளுமை கிடையாது என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டோம். எங்கள் கல்லூரியும் இதற்கு விலக்கில்லை, அதையும் எங்கள் நிர்வாகத்திடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மன்னிக்கவும், உங்களிடம் கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

நம் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யிலும் ஆளுமைச் சோதனை உண்டு. படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஆனால் உளவியலாளர் பார்ப்பது தனி, குழுப் பணிகளில் பார்ப்பது தனி, நேர்காணல் தனி. ஐந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பதவி உயர்வுக்கு எம்.எம்.பி.ஐ. என்ற சோதனையைப் பயன்படுத்தியது. மனநோயைக் கண்டறிய 1943-இல் வெளியான சோதனை அது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மருத்துவப் பரிசோதனையாகவே கருதி, ஊழியர்கள்மேல் அப்படிப் பயன்படுத்துவது சட்டத்துக்கு முரண் என்றது. ஒருவரின் மனதைத் துருவிப் பார்ப்பதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதை மற்ற இடங்களில் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள்.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வகை பிரிக்கும் அந்தச் சோதனையை ஆள் எடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு பயிற்சியில், அவரவர் தம்மைப் பற்றி யோசித்துப் பார்க்க வைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. ஆள் எடுக்க வேண்டுமென்றால் வேலையையே கொடுத்துப் பாருங்கள். பிழை கலந்த நூறு பில்லை மேசையில் வையுங்கள், எத்தனை பிழையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே முறையில் மதிப்பிடும் நேர்காணல் வையுங்கள். இந்த இரண்டும் நான்கு எழுத்தைவிட நன்றாகக் கணிக்கும் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆளுமையையும் கட்டாயம் அளக்க வேண்டுமென்றால், தமிழிலும் எழுதலாம் என்று விடுங்கள், தகுதி பெற்ற உளவியலாளரை வைத்து முடிவைப் படியுங்கள், எழுதியவருக்கு அதை விளக்குங்கள். சேகரித்த பதில்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள் என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்கள் சட்டப் பிரிவு எடுத்துச் சொல்லும்.

இப்போது கழிக்கப்பட்டவர்கள் எல்லோரும் எழுத்துத் தேர்வில் தேறியவர்கள். அவர்களை நேர்காணலுக்கு அழையுங்கள். நேர்காணலில் சரியில்லை என்று பட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். வளாகத்துக்கு மறுபடி வர நேரமில்லை என்றால் உங்கள் அலுவலகத்துக்கே அவர்களை அழைத்துவர எங்கள் துறை தயார். பில் சரிபார்க்கும் தேர்வைத் தயாரிக்க உதவி வேண்டுமென்றாலும் நானும் என் சக ஆசிரியர்களும் செய்துதருகிறோம், அதற்குப் பணம் எதுவும் வேண்டாம். பட்டமளிப்புக்கு முன்னால் ஒரு தேதி சொன்னால் போதும். பதிலைப் பிளேஸ்மென்ட் அலுவலருக்கே அனுப்புங்கள், அவர் பழைய மின்னஞ்சலுக்கான பதிலையும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உளவியல் துறை ஆசிரியை ஒருவர்